நல்லவர் என்று தாளில் எழுதினால் போதுமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் சனிக்கிழமை இரவுகளில், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேச்சாலேயே கதையை நடத்தும் ஆட்டத்தை நாங்கள் ஆடுகிற வீட்டில் ஒருமுறை ஆட்டம் முக்கால் மணி நேரம் நின்றுபோனது. கதைக்குள், நெல் களஞ்சியத்தைக் கொள்ளையடித்த கூட்டத்தில் மிஞ்சிய ஒருவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினான். முதன்முறையாக ஆட வந்திருந்த தம்பி ஒருவர் "வெட்டுகிறேன்" என்று சொல்லி இருபது முகப் பகடையை உருட்டினார். 18 விழுந்தது; பெரிய எண் என்றால் வெற்றி. திருடன் செத்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த அக்கா அவருடைய பாத்திரத் தாளை எட்டிப் பார்த்தார். "தம்பி, இங்கே 'ஒழுங்கு, நன்மை' என்று எழுதியிருக்கிறீர்களே?"

"ஆமாம் அக்கா. விட்டால் நாளைக்கு மறுபடியும் வருவான். ஊரைக் காப்பாற்றத்தானே வெட்டினேன்."

"அதை உருட்டுவதற்கு முன்னால் நீங்கள் சொல்லவில்லையே."

ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவன் நான். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குத்தான் என்ன தீர்ப்புச் சொல்வதென்று தெரியவில்லை. அந்த இரவுக்குப் பிறகு எங்கள் மேசையில் சில பழக்கங்கள் வந்தன. புதிதாக ஆட வருகிறவர்களுக்கு அவற்றை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இப்போது எழுதி வைக்கிறேன்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது

முற்றிலும் புதியவர்களுக்கு ஒரு வரி. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பேச்சால் ஆடுவார்கள். நடத்துநர் மீதி உலகம் முழுவதையும் ஏற்றுக்கொள்வார். நடக்குமா நடக்காதா என்று ஐயம் வரும் இடத்தில் பகடை முடிவு செய்யும். பாத்திரத்தின் பெயர், வலிமை, ஆயுதம் எல்லாம் ஒரு தாளில் இருக்கும். அதே தாளில் அலைன்மென்ட் என்று ஓர் இடம் உண்டு. நாங்கள் அதை அறச்சார்பு என்கிறோம்.

இந்த வகையைச் சேர்ந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தைக் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் கொண்டுவந்தபோது அந்த இடத்தில் எழுத மூன்றே விடைகள் இருந்தன: ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை. போர்க்களத்தில் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று கேட்பது போலத்தான் அது. 1976இல் கைகாக்ஸ் எழுதிய ஒரு கட்டுரை நன்மை, தீமை என்ற இன்னொரு கோட்டைக் குறுக்கே போட்டது. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டங்கள் வந்துவிட்டன. 2008இல் வெளிவந்த நான்காம் பதிப்பு அதை ஐந்தாகக் குறைத்தது. 2014இல் ஐந்தாம் பதிப்பு மறுபடியும் ஒன்பதுக்குத் திரும்பியது.

இந்த வரலாறு உங்களுக்கு எதற்கு என்றால், பழைய ஆட்டக்காரர்கள் ஏன் இதைப் பற்றி இவ்வளவு சூடாகப் பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் புரியும். 1979இல் வந்த நடத்துநர் கையேட்டின்படி, அறச்சார்பு மாறினால் பாத்திரம் ஒரு நிலையை (லெவல்) இழக்கும். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்தது ஒரே வாக்கில் போய்விடும். பாலடின் என்ற அறவீரர் தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் அவருடைய சிறப்புகள் பறிபோகும். அப்படி இருந்தால் யார்தான் சண்டை போடமாட்டார்கள்? இன்றைய விதிகளில் அந்தக் கடுமை இல்லை. ஐந்தாம் பதிப்பில் நன்மை தீமையைக் கண்டறியும் மந்திரம்கூட அருகில் பேயோ பிணப்பிறவியோ தேவவகை உயிரோ இருக்கிறதா என்றுதான் சொல்லும்; எதிரில் நிற்கும் வணிகர் நல்லவரா என்று சொல்லாது. இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் ஆட்டம் 2023இல் திருத்தி வெளிவந்தபோது அறச்சார்பையே எடுத்துவிட்டது. ஆகவே அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அது ஆடுவதற்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

முதல் படி: இரண்டு கேள்விகளையும் கலக்காதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒழுங்கு என்பதை நன்மை என்றும், அதன் எதிர்ப்பக்கத்தைத் தீமை என்றும் படித்துவிடுகிறார்கள். அந்த எதிர்ப்பக்கத்தைக் குழப்பம் என்று மொழிபெயர்த்தால் பைத்தியக்காரத்தனம் என்று ஆகிவிடுகிறது. எங்கள் மேசையில் அதைத் தன்போக்கு என்கிறோம்.

நள்ளிரவு இரண்டு மணி. ஜாலான் துன் சம்பந்தனில் சிவப்பு விளக்கு. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. ஒருவர் பச்சை வரும்வரை நிற்கிறார். இன்னொருவர் இருபக்கமும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். முதலாமவர் ஒழுங்கு, இரண்டாமவர் தன்போக்கு. விதியோடு நிற்கிறவரா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. இதில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்ற பேச்சே எழவில்லை. அதே சாலையோரத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கிடந்தால், இறங்கிப் பார்க்கிறவர் யார், அவருடைய பணப்பையை எடுத்துக்கொண்டு போகிறவர் யார், ஆம்புலன்சுக்கு அழைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறவர் யார் என்பது இரண்டாவது கேள்வி. பிறருக்காக இழக்கத் தயாராக இருப்பது நன்மை. தனக்காகப் பிறரை இழக்க வைப்பது தீமை. தீங்கும் செய்யாமல் பெரிய இழப்பையும் ஏற்காமல் இருப்பது நடுநிலை. நம்மில் பெரும்பாலோர் மூன்றாவது வகை என்பது என் கணிப்பு, என்னையும் சேர்த்துத்தான்.

இரண்டாம் படி: கட்டத்தை நிரப்பும் முன் இரண்டு வாக்கியம்

அறச்சார்பை முதலில் எழுதாதீர்கள். தாளின் பின்புறம் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். என் பாத்திரம் நட்டப்பட்டாலும் எதைச் செய்யாது? யாருக்காக நட்டப்படத் தயங்காது? "கொடுத்த வாக்கை மீறமாட்டாள், தன் தோட்டத்து மக்களுக்காகச் சிறைக்கும் போவாள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டம் தானாகவே நிரம்பிவிட்டது. வெறும் "நல்லவர்" என்று எழுதியிருந்தால், ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் அதற்கு என்ன பொருள் என்று அவரே தேடிக்கொண்டிருப்பார்.

மூன்றாம் படி: உருட்டும் முன் எண்ணத்தைச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மனத்துக்குள் இருக்கும் எண்ணம் மேசையில் இல்லாத எண்ணம். பகடை விழுந்த பிறகு சொல்லப்படும் எண்ணம், விளைவைப் பார்த்துத் தைத்த சட்டை. அது எப்போதும் அளவாகவே இருக்கும்.

இதற்குத் தமிழே நல்ல கருவி தந்திருக்கிறது. "என்று" என்ற ஒரு சொல் போதும். "கத்தியை உருவுகிறேன்" என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. "பயந்து உண்மையைச் சொல்லட்டும் என்று கத்தியை உருவுகிறேன்" என்றால் எல்லாம் தெரிந்துவிட்டது: எண்ணம், செயல், அடுத்து அவர் எங்கே நிறுத்துவார் என்பதும்கூட. அதேபோல "பூட்டைத் திறந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். திறந்ததா இல்லையா என்பது பகடையின் வேலை. "திறந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். முயற்சியை மட்டும் சொல்லி முடிவை விட்டுவைக்க இதைவிட நல்ல வினை நமக்கு வேண்டாம். ஆங்கிலத்தில் ஆடிப் பழகிய எங்கள் மேசை நண்பர்கள் தமிழில் ஆடத் தொடங்கிய பிறகு இந்த வகைச் சண்டை குறைந்தது. மொழிப்பற்றில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணம், செயல், விளைவு மூன்றையும் தனித்தனியே வைக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. வேலன் என்ற பாத்திரம், ஓநாய்களை விரட்டலாம் என்று எரியும் விளக்கை அவற்றின் முன்னால் வீசுகிறான். பகடையில் 2. விளக்கு திசைமாறிக் கொட்டகையின் மேல் விழுகிறது. தீ. உள்ளே இருந்த ஆடுகள் போயின. எண்ணம் காப்பது, செயல் விளக்கை வீசுவது, விளைவு தீ. இதில் மூன்றாவது பகடையினுடையது; அதை வேலனின் அறச்சார்பில் எழுதக்கூடாது. ஆட்டுக்காரர் வந்து அவன் சட்டையைப் பிடிக்கலாம், பஞ்சாயத்து நட்டஈடு கேட்கலாம், ஊரில் அவன் பெயர் கெடலாம். அதெல்லாம் நடக்கத்தான் வேண்டும். ஆனால் தாளில் "நன்மை" அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு கிளை பிரிகிறது. வேலன் நிற்கிற இடமே வைக்கோல் கொட்டகைக்குள் என்றால்? அங்கே விளக்கை வீசிவிட்டு "தீப்பிடிக்கும் என்று நினைக்கவில்லை" என்றால்? கிராமத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு வைக்கோல் பற்றும் என்று தெரியாதா? நினைத்துப் பார்க்காமல் இருப்பதும் ஒருவகைச் செயல்தான். ஆனால் வேலனுக்குத் தெரிந்தது ஆட்டக்காரருக்குத் தெரியாமல் போகலாம். அவர் வளர்ந்தது பெட்டாலிங் ஜெயாவின் பத்தாவது மாடியில். அதனால் நடத்துநருக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. "இது வைக்கோல் கொட்டகை. பற்றிக்கொள்ளும் என்பது வேலனுக்குத் தெரியும். இன்னும் வீசுகிறீர்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகும் வீசினால் தீயும் அவர் எண்ணத்தில் சேர்ந்தது. கேட்காமல் விட்டுவிட்டு அப்புறம் அறச்சார்பைப் பிடித்து இழுக்கிற நடத்துநர்கள் உண்டு. நானும் அதைச் செய்திருக்கிறேன். அது நியாயமில்லை.

நான்காம் படி: நல்ல எண்ணத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது

அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். எண்ணம் நல்லதாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை முன்கூட்டியே சொன்னார் என்றும் வைத்துக்கொள்வோம். சரணடைந்தவனை வெட்டியது நன்மையில் சேருமா?

நல்ல எண்ணம் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்றால், எந்தக் கொடுங்கோலனும் நல்லவனாகிவிடுவான். ஊர் நன்மைக்காக என்று சொல்லாதவன் யார்? எண்ணத்துக்கு மதிப்பே இல்லை என்றால், காட்டில் கல் தடுக்கி ஒருவர்மேல் விழுந்தவனும் கொலைகாரனாகிவிடுவான். இரண்டும் ஆடுவதற்கு உதவாது. ஆகவே நான் மூன்று கேள்விகள் கேட்பேன். வேறு வழி கண்ணெதிரே இருந்ததா? விலையைக் கொடுத்தது யார், செய்தவரா, மற்றவரா? முடிந்த பிறகு என்ன செய்தார்?

மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியனை நினைத்துப் பாருங்கள். திருடனைத் தண்டிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிழையில்லை. பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் ஏற்றது பிழை. வேறு வழி கண்ணெதிரே இருந்தது. விலையைக் கொடுத்தவர்கள் கோவலனும் கண்ணகியும். இரண்டு கேள்வியிலும் தோற்றுவிட்டான். ஆனால் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த அந்த நொடியில், "எனக்குக் கிடைத்த செய்தி அப்படி" என்று அவன் வாதாடவில்லை. அரியணையிலேயே உயிரை விட்டான். என் மேசையில் அவன் தாளில் "ஒழுங்கு" அழியாது. "நன்மை" பற்றி எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. அக்கா, கண்ணகியின் பக்கம்.

ஒரே எண்ணம் வெவ்வேறு செயலாவதையும் பார்க்க வேண்டும். புதியவர்களுக்கு நான் வைக்கிற பயிற்சி, விபீடணனுக்கும் கும்பகர்ணனுக்கும் ஒரு தாள் எழுதிவரச் சொல்வது. அண்ணன் செய்வது தவறு என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒருவன் பிரிந்துபோய் எதிரணியில் சேர்ந்தான். இன்னொருவன் உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தான். கும்பகர்ணனை நான் "ஒழுங்கு, நடுநிலை" என்று எழுதுவேன்: தனக்காக எதையும் கேட்கவில்லை, ஆனால் தவறு என்று தெரிந்த பக்கத்துக்கு வலிமை சேர்த்தான். அவனைத் தீமை என்று எழுதிவந்தவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. விபீடணனைத்தான் பாதிப்பேர் கடுமையாகப் பேசுகிறார்கள். சரியான பக்கம் போனவனைவிடக் கூட நின்றவனை நமக்குப் பிடிக்கிறது. உங்கள் பாத்திரத்தை எழுதும்போது உங்களுக்கு எது பிடிக்கும் என்பதையும் கவனியுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு: தீய எண்ணத்தோடு நல்ல செயல். கிணற்றில் விழுந்த குழந்தையைப் பரிசுப் பணத்துக்காகத் தூக்கினால், குழந்தை பிழைத்ததுதான். ஊர் மாலை போடும். தாளில் எதுவும் மாறாது. ஆனால் பணம் இல்லை என்று தெரிந்த பிறகும் மூன்றாவது முறையாகக் கிணற்றில் இறங்கினால், அந்தப் பாத்திரம் தன்னை அறியாமல் மாறிக்கொண்டிருக்கிறது. ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஐந்தாம் படி: ஊர் வேறு, தாள் வேறு

காவலருக்கு உங்கள் எண்ணம் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது இரத்தம் தோய்ந்த வாளும் கையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கிறவனும்தான். அவர் அதற்கேற்ப நடப்பார். நீங்கள் நல்ல எண்ணத்தோடு செய்தீர்கள் என்பதற்காக உலகம் உங்களை மன்னிக்க வேண்டியதில்லை. உலகம் தண்டித்தது என்பதற்காகத் தாளை அழிக்க வேண்டியதும் இல்லை. செயலும் விளைவும் ஊர்க் கணக்கு. எண்ணமும் செயலும் சேர்ந்து பழக்கமாவது தாள் கணக்கு. இதைப் பிரித்த நாளிலிருந்து என் தலைவலி பாதி குறைந்தது.

நடத்துநராக வருகிறவர்களுக்கு ஒன்று. "நீங்கள் நல்லவர், இதைச் செய்யக்கூடாது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். செய்யட்டும். என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆட்டக்காரர்களுக்கு அதன் மறுபாதி. "என் பாத்திரம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நண்பரின் பணப்பையைத் திருடாதீர்கள். அந்தப் பாத்திரத்தை அப்படி எழுதியதும் நீங்கள்தானே? தன்போக்கு, நடுநிலை என்ற கட்டத்தைப் புதியவர்கள் ஆசையாக எடுப்பது பெரும்பாலும் எதற்கும் பதில் சொல்லாமல் இருக்கத்தான். முதல் நான்கைந்து ஆட்டத்துக்கு அதை விட்டுவைப்பது நல்லது. தீமையையும்தான். நன்மையை ஆடுவது சலிப்பு என்று நினைக்கிறவர்கள், நன்மையால் நட்டப்படுகிற இடத்துக்கு இன்னும் வரவில்லை.

ஆறாம் படி: எப்போது அழிப்பது

பென்சிலால் எழுதுங்கள். ஒரே ஒரு செயலுக்காக அழிக்காதீர்கள். மிகப் பெரிய செயலாக, தெரிந்தே செய்ததாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. மற்றபடி மூன்று வெவ்வேறு இரவுகளில் அதே சாய்வு தெரிந்தால், ஆட்டம் முடிந்த பிறகு நடத்துநரும் ஆட்டக்காரரும் தனியாகப் பேசிக்கொள்ளலாம். மேசைக்கு நடுவில் தீர்ப்பு வாசிக்க வேண்டாம். மாற்றம் தண்டனையாக இருக்கக்கூடாது. கதை திரும்பியதற்கான குறிப்பாக இருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம் ஊருக்குத் தேவையானது. கோலாலம்பூரில் ஒரு மேசையைச் சுற்றித் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லாரும் இருப்பார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பௌத்தர் என்று எல்லாரும்தான். ஆட்டத்துக்குள் இருக்கும் தெய்வங்கள் ஆட்டத்துக்காகக் கற்பித்தவை. அறச்சார்பு வாதம் சூடேறும்போது "உங்கள் மதத்தில் இது பாவமில்லையா" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அந்த இரவு முடிந்துவிட்டது என்று பொருள். முதல் ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து, எதையெல்லாம் கதைக்குள் கொண்டுவரமாட்டோம் என்று பேசிவிடுங்கள். சித்திரவதை, குழந்தைகளுக்குத் தீங்கு இரண்டும் எங்கள் பட்டியலில் முதலில் இருக்கின்றன.

அந்தத் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தாளில் அழிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவராகவே, "செத்தவனுக்கு வீடு எங்கே இருக்கிறது என்று விசாரிக்கிறேன்" என்று தொடங்கினார். ஒரு மூட்டை அரிசியோடு போனார். கதவைத் திறந்த தாய், அரிசியை வாங்கிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் கதவைச் சாத்திவிட்டாள். ஊர்க் காவலர் அவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அக்காவின் பாத்திரம் அவரோடு ஒரே கூடாரத்தில் படுக்க மறுக்கிறது.

வாதம் வந்தால் பத்து நிமிடம் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறோம். பத்து முடிந்ததும் நடத்துநர் சொல்வதை ஏற்றுக்கொண்டு ஆட்டம் தொடரும். மீதியை ஆட்டம் முடிந்த பிறகு கீழே மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வைத்துக்கொண்டு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அந்தக் கடை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது என்பது ஒன்றுதான் சிக்கல்.